திருமணமாகி வெளிநாடு செல்லும் படித்த பெண்கள் வேலைக்குப் போகாததற்குக் காரணம் சோம்பலா, கணவரின் வருமானம் போதும் என்ற எண்ணமா?

மதுரையில் பொறியியல் படித்து, இரண்டு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, 2011-இல் கணவருடன் அமெரிக்கா சென்று நான்கு ஆண்டுகள் வீட்டில் இருந்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் சென்றதால், அவரைச் சார்ந்து செல்லும் மனைவி என்ற முறையில் எனக்குக் கிடைத்தது எச்-4 விசா. அதை வைத்துக்கொண்டு படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பளம் வாங்கக் கூடாது. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாத முடிவில் அவளுடைய தாயார் உறையில் வைத்து நீட்டிய நூறு டாலரை, சட்டப்படி அதுவும் ஊதியம்தான் என்று விளக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் செய்து வந்திருந்த கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன். கேக் எந்தக் கணக்கில் வரும் என்று நான் விசாரிக்கவில்லை.

2015 மே 26-இல் விதி மாறியது. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட எச்-1பி ஊழியரின் வாழ்க்கைத்துணை வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அந்த மனுவைப் பெரும்பாலும் போடுவது வேலை கொடுத்த நிறுவனம். ஆகவே நான் வேலைக்குப் போவது என் விருப்பத்திலோ கணவரின் விருப்பத்திலோ இல்லாமல், யாரோ ஒரு மேலாளர் கையெழுத்துப் போடும் நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டை வந்த பிறகும், நான்கு ஆண்டு இடைவெளியைக் காட்டி, நான் மதுரையிலிருந்து கிளம்பும்போது பார்த்த வேலையைவிட ஒரு படி கீழான வேலையைத்தான் கொடுத்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்தார். வருகையாளர் விசாவில் ஒரு முறைக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க முடியும். அம்மாவோ அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்பார். அக்டோபரில் வந்தால் ஏப்ரலில் பெட்டி கட்டிவிடுவார். அதன்பின் காப்பகக் கட்டணம் போக என் சம்பளத்தில் மிஞ்சியது சொற்பம்.

குடியேறிய குடும்பங்களில் கணவர் படித்துத் தகுதியை உயர்த்திக்கொள்ளும் வரை மனைவி கிடைத்த வேலையைச் செய்து குடும்பத்தைத் தாங்குகிறாள் என்று பொருளியலாளர்கள் சொல்வதுண்டு; கனடாவை வைத்து பேக்கர், பெஞ்சமின் இருவரும் 1997-இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெயர்பெற்றது. இருவருக்குமே வேலை உரிமை கிடைக்கும் நாட்டுக்கு அது பொருந்தலாம்; எச்-4-இல் இருந்த எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. நாட்டுக்கு நாடு இது மாறும். சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் (அங்கே வேலை பார்ப்பவரின் துணைக்குக் கொடுப்பது) உள்ளவர் வேலை செய்ய, பெரும்பாலும் தனியாக ஒரு வேலை அனுமதி பெற்றாக வேண்டும்.

சென்ற மாதம் என் அண்ணன் மகளைப் பெண் பார்க்க கே.கே. நகரிலிருந்து வந்தார்கள். நட்சத்திரம், நகை, மண்டபம் வரை பேசி முடித்தபின், மாப்பிள்ளையின் ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று நான் கேட்டேன். "அதெல்லாம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்மா" என்றார் அவர் தந்தை. அன்றிரவு மாப்பிள்ளையே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் மனுப் போடவில்லை என்று உண்மையைச் சொன்னார். "கல்யாணத்துக்குச் சம்மதம் அத்தை, ஆனால் மனு ஏற்கப்படும் வரை சென்னை வேலையை விட மாட்டேன்" என்கிறாள் இவள். இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.