மழை ஊரில் ஒரு படகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நோர்வேயின் பேர்கனில் நீண்ட காலமாக வாழ்கிறேன். பக்கத்து வீட்டு நோர்வேஜியர் தம்முடைய 21 அடி பைபர் படகை விற்கப் போகிறார். முன்பக்கம் படுக்கச் சிறிய அறை, பின்பக்கம் திறந்த தளம், அதன்மேல் துணிக்கூரை, 50 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம். அப்பா யாழ்ப்பாணம் குருநகரில் கடற்றொழில் செய்தவர். கடல் எனக்குப் புதிதல்ல. ஆனால் மனைவி, "பாதி வருடத்துக்கு மேல் மழை பெய்யும் ஊரில் உல்லாசப் படகு எதற்கு? அந்தக் காசுக்குப் பிள்ளைகளோடு ஸ்பெயின் போய் வரலாம்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் இதே கரையில் படகு வைத்திருப்பவர். நான் 1979இல் பிறந்தவன். இனியும் தள்ளிப்போட மனமில்லை. வாங்கலாமா?

ச., பேர்கன்

அன்புள்ள ச.,

படகு வாங்குங்கள். ஆனால் வெயில் நாட்களை நம்பி வாங்க வேண்டாம். அப்படி வாங்கியவர்களின் படகுகள்தாம் துறையில் பாசி பிடித்துக் கிடக்கின்றன.

உங்கள் மனைவியின் கணக்கில் பிழையில்லை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுவதால் பேர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. 2006 அக்டோபர் இறுதியில் தொடங்கிய மழை 85 நாட்கள், ஒரு நாளும் விடாமல், பெய்ததை ஊரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது எந்தக் காலம் என்று பாருங்கள். சிறு படகுகள் பலவும் கரையேறி மூடிக் கிடக்கும் குளிர்காலம் அது. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் இங்கே மழை குறைந்த மாதங்கள். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்து, சோறு சாப்பிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அஸ்கோய் தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் இது கிடைப்பதற்காகத்தான் நான் படகு வைத்திருக்கிறேன். ஸ்பெயின் பயணம் அதைத் தராது.

அடுத்தது, கடலில் நம்மைத் திருப்பி அனுப்புவது காற்று, மழை அல்ல. உங்கள் அப்பாவைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார். வானிலை பார்க்கும்போது மேகப் படத்தை விட்டுவிட்டுக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். காற்றில்லாத தூறல் நாளில் கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடக்கும். மழைத்துளிகளே சிற்றலைகளை அமுக்கிவிடும். ஜூலை, ஓகஸ்டில் அப்படி ஒரு நாளில் ஐந்தாறு தூண்டில் கட்டிய நூலை இறக்கினால் மக்ரல் மீன் கூட்டமாகக் கடிக்கும். ஏறியவுடன் கழுத்தை முறித்து இரத்தம் வடியவிட்டு வாளியில் கடல்நீர் எடுத்து அதில் போட்டுவிட்டால் சதை வெள்ளையாக இருக்கும். கைகள் விறைக்கும், மழைக்கோட்டின் கழுத்து வழியாக நீர் இறங்கும். அதைப் பொருட்படுத்தாதவருக்குப் படகு வீண்செலவே அல்ல.

என் கவலையெல்லாம் நீங்கள் வீட்டில் இருக்கும்போது படகின்மேல் பெய்கிற மழையைப் பற்றித்தான். பத்துச் சதுர மீற்றர் திறந்த பரப்பில் 30 மில்லிமீற்றர் பெய்தால் 300 லீற்றர் தண்ணீர். ஒரு பேர்ச் மர இலை வடிகால் துளையில் ஒட்டிக்கொண்டால் போதும், அத்தனையும் தளத்தில் தேங்கி, பிறகு அடித்தட்டுக்குள் இறங்கும். அங்குள்ள பம்ப் தானாக ஓடத் தொடங்கும். ஓடி ஓடிப் பற்றரி தீர்ந்ததும் நின்றுவிடும். அதன்பிறகு படகு பின்பக்கமாகத் தாழ்கிறது. கட்டிய இடத்திலேயே படகுகள் மூழ்குவது இப்படித்தான். மரத்தை அதிகம் உக்க வைப்பதும் மழைநீரே. உப்பு நீரில் அந்தப் பூஞ்சை எளிதில் வளராது. பைபர் படகுதானே என்று இருந்துவிடாதீர்கள். பழைய பைபர் படகுகள் பலவற்றில் தளத்துக்குள்ளும் இயந்திரம் தொங்கும் பின்பலகைக்குள்ளும் ஒட்டுப்பலகைதான் இருக்கிறது. ஆகவே செப்டம்பரிலும் கிழமைக்கு ஒரு தடவையாவது துறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உங்களால் முடியுமா என்பதை மனைவியோடு இருந்து பேசுங்கள். காசுக் கணக்கையும் மறைக்காமல் வையுங்கள்: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுக்கணக்கு.

இனி அந்தப் படகுக்கு வருகிறேன். எனக்குத் துணிக்கூரையில் நம்பிக்கை குறைவு. மழையில் அதன் பிளாஸ்டிக் சன்னல் வழியே எதிரே வரும் படகு தெரியாது. திறந்து வைத்தால் ஓட்டுபவர் நனைவார். இந்த ஊருக்கு நின்று ஓட்டக்கூடிய மூடிய அறையும், கண்ணாடியில் மழைநீர் துடைப்பானும், டீசல் வெப்பமூட்டியும் உள்ள படகே பொருத்தம். இயந்திரம் சிறியதானாலும் பரவாயில்லை. ஒருமுறை நனைந்து விறைத்த பிள்ளை மறுமுறை வராது. அதே காசுக்குக் கொஞ்சம் பழைய, அறையுள்ள படகு கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள்.

1980க்கு முன் பிறந்தவர் என்பதால் உங்களுக்குச் சட்டப்படி படகோட்டுச் சான்றிதழ் தேவையில்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள், பாறைகள் நிறைந்த இந்தக் கரையில் கடல் வரைபடம் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது அறைக்கு வெளியே இருக்கும் எல்லோரும் மிதப்பு அங்கி அணிவது 2015 முதல் சட்டம். குருநகர்க் கடலின் சூடு இங்கே இல்லை. மே மாதத்தில் தண்ணீர் 10 பாகைக்கு அருகில்தான் இருக்கும். விழுந்த நொடியில் மூச்சு திணறும், நல்ல நீச்சல்காரனுக்கும் கை ஓயும்.

பக்கத்து வீட்டுப் படகுதான் வேண்டும் என்றால், ஓர் அடைமழைக்கு மறுநாள் காலை, சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். தளப் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கீழே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அறைக்குள் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் மணக்கிறதா, பின்பலகையைத் தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.