பக்கம் 19-இல் உள்ள வாக்கியம் யாருடையது?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): குன்னூரில் தனி உரிமையாளராக ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகள், தங்கும் விடுதிகள், உறைவிடப் பள்ளிகள் ஆகியவற்றுக்கு, அந்தந்த நிறுவனத்துக்கு ஏற்றபடி ஊழியர் சலுகைக் கையேடுகளைத் தமிழில் தயாரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கோத்தகிரிப் பக்கம் இரண்டு தேயிலைத் தொழிற்சாலைகளும் ஒரு விடுதியும் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றுக்கு 2024-இல் 2,40,000 ரூபாய்க்குக் கையேடு செய்து கொடுத்தேன். 80,000 ரூபாய் முன்பணம் தந்தார்கள். மீதி 1,60,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. தீபாவளி போனஸ் நேரத்தில் கையேட்டைத் தொழிலாளர்களுக்கு வழங்கினார்கள். அதன் 19-ஆம் பக்கத்தில், பணிக்கொடை (கிராஜுவிட்டி) ‘ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம்’ என்று அச்சாகியிருக்கிறது. அது அதிகாரிகளுக்கு மட்டுமான ஏற்பாடு, தொழிலாளர்களுக்குப் 15 நாள்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் மனிதவள மேலாளர் மெய்ப்பை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படியை)ப் பார்த்து, ‘சரி, அச்சுக்குப் போகலாம்’ என்று வாட்ஸப்பில் எழுதியிருந்தார். 2025 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஐந்து தொழிலாளர்கள் கையேட்டைக் காட்டிப் பணம் கேட்டதும், அதே மேலாளர் அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேவலமாகப் பேசினார். இப்போது ஏழு லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே கையேட்டை அட்டையை மட்டும் மாற்றித் தங்களுடைய இன்னொரு நிறுவனத்துக்கும் அச்சிட்டுக்கொண்டார்கள். மோசடிப் புகார் கொடுக்கலாமா? மீதிப் பணம், வட்டி, பதிப்புரிமை மீறலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு என எல்லாவற்றையும் சேர்த்து வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மேலாளர் பேசிய பேச்சைப் பற்றியது. அது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் உங்கள் வழக்கில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அதற்கென்று நீதிமன்றம் ஒரு ரூபாயும் தராது. மோசடிப் புகாரும் நிற்காது. ஒப்பந்தம் செய்யும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் அது மோசடி. முன்பணம் தந்து, மெய்ப்பைப் பார்த்து, பிறகு தகராறில் மீதியை நிறுத்தியவர் மீது புகார் கொடுத்தால், அது உரிமையியல் விவகாரம் என்று காவல் நிலையத்தில் முடித்து அனுப்பிவிடுவார்கள். இவ்விரண்டையும் இத்தோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் இணைத்தனுப்பிய பணி ஆணையின் 11-ஆவது பிரிவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. விவகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ‘இக்கையேட்டில் உள்ள அனைத்துத் தகவல்களும் சட்டப்படி சரியானவை என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார், பிழையால் நிறுவனத்துக்கு ஏற்படும் எந்த இழப்பையும் தயாரிப்பாளரே ஈடுசெய்வார்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஆகவே சட்டத்தின் முன் உள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 19-ஆம் பக்கத்து வாக்கியம் யாரிடமிருந்து வந்தது? நிறுவனம் கொடுத்த விவரத் தாளிலிருந்து அதை நீங்கள் அப்படியே எடுத்தெழுதினீர்களா, அல்லது அதிகாரிகளுக்கு மட்டுமான ஏற்பாட்டை நீங்களே எல்லோருக்கும் பொதுவாக்கி எழுதினீர்களா? கடிதத்தில் இதற்கு விடை இல்லை. அந்த விவரத் தாள் எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதியில் வந்தது என்பதை முதலில் தேடி எடுங்கள். அது கிடைக்கும்வரை நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டாம். தொலைபேசியில் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

ஏழு லட்சம் என்பது மிரட்டுவதற்காகப் போட்ட எண் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கடைசியாக மாதம் 13,000 ரூபாய் வாங்கி, 22 ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு, 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15 நாளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7,500 ரூபாய் வீதம் 1,65,000 ரூபாய் வருகிறது. உங்கள் கையேட்டின்படி பார்த்தால் 2,86,000 ரூபாய். ஒருவருக்கே வித்தியாசம் 1,21,000. ஐந்து பேருக்கு 6,05,000. வழக்குச் செலவையும் சேர்த்து ஏழு லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கையும் வெறும் ஆசையன்று. தொழிலாளியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கூடுதலாகத் தந்தால், அந்தக் கூடுதல் அவருக்கு உண்டு என்று அவர்கள் ஓய்வுபெற்றபோது நடப்பிலிருந்த அதே சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. நிறுவனத்தின் பெயரும் சின்னமும் தாங்கி, போனஸோடு சேர்த்துக் கையில் கொடுத்த ஒரு கையேடு அத்தகைய ஒப்பந்தமாகுமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் பணிக்கொடைத் தகராறுகளை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி முன்பு அதைத் தொழிலாளிக்குச் சாதகமாக வாசிக்கும் வாய்ப்பு கணிசமானது என்பதே என் கருத்து. தன் தாய்மொழியில் நிறுவனமே எழுதிக் கொடுத்ததை நம்பி வீட்டுக் கணக்குப் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் அவர்களை எதிரிகளாகப் பார்க்க வேண்டாம்.

இனி உங்கள் பக்கத்து வாதத்தைப் பார்ப்போம். 11-ஆவது பிரிவின் முதற்பாதி ‘சட்டப்படி சரியானவை’ என்றுதான் சொல்கிறது. 15 நாளுக்குக் குறைவாக எழுதியிருந்தால் அது சட்டத்துக்கு முரண். கூடுதலாகத் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே இது சட்டப் பிழையன்று, நிறுவனத்தின் சொந்தக் கொள்கையைப் பற்றிய தகவற்பிழை; அதைச் சரிபார்க்கக்கூடியவர் நிறுவனத்தின் மேலாளர் ஒருவரே; அவர் பார்த்து எழுத்தில் அனுமதி கொடுத்தார். பணி ஆணையை எழுதியது நிறுவனமாக இருந்தால், அதன் சொற்களில் உள்ள ஐயத்தை எழுதியவருக்கு எதிராகவே கொள்ள வேண்டும் என்ற நெறியும் உங்களுக்கு உதவும். இது நல்ல வாதம். வாட்ஸப் செய்தியைச் சான்றாக வைக்க வேண்டுமானால், 2023-ஆம் ஆண்டுப் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படியான சான்றிதழ் வேண்டும். எனவே அந்தக் கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

ஆனால் வாதம் நன்றாக இருப்பது வேறு, அதை நம்பி வழக்கைத் தொடங்குவது வேறு. இந்த மலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வீழ்ச்சி இதில்தான் இருக்கிறது. எஸ்டேட்டுகளுக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுத்த ஒருவர், பாக்கித் தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவாக இருந்தபோது, மற்றவர்கள் தடுத்தும் கேளாமல் வழக்குப் போட்டார். அதுவரை சும்மா இருந்த எதிர்த்தரப்பு, பட்டியலில் இருந்த வருங்கால வைப்பு நிதிப் பிழைகளையெல்லாம் தோண்டியெடுத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆவது கட்டளை 6-ஏ விதிப்படி எதிர்க்கோரிக்கை வைத்தது, அதாவது அதே வழக்கில் அவரிடமிருந்தே பணம் கேட்டது. பாக்கிக்கான வழக்கு பின்னுக்குப் போயிற்று. அவர் ஆண்டுக்கணக்கில் தற்காத்துக்கொண்டிருந்தது எதிர்க்கோரிக்கையைத்தான். வழக்கைத் திரும்பப் பெற்றாலும் எதிர்க்கோரிக்கை தனியே நிற்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருப்பதால், அத்தகைய நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போனால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கிடைக்கும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதிவு இந்த வேலைக்கு முன்பே செய்ததாக இருந்தால் உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் அங்கும் வாங்கியவர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வட்டியின் மீதுள்ள கண் இந்தத் தீர்ப்பின் மீதும் இருக்க வேண்டும்.

எதிர்க்கோரிக்கை ஏன் உங்களுக்கு இவ்வளவு ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண ஒப்பந்த மீறலில், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு தொலைவான, மறைமுகமான இழப்புகளை விலக்கி உங்களைக் காக்கும். 11-ஆவது பிரிவின் பிற்பாதியோ ஈட்டுறுதி, அதாவது இன்னொருவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வதாகத் தரும் வாக்குறுதி. அது 124, 125-ஆம் பிரிவுகளுக்குள் வரும். அதன்படி தொழிலாளர்கள் தொடுக்கும் வழக்கில் நிறுவனம் கட்ட நேர்ந்த தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு, உங்கள் கட்டளைக்கு முரணாக இல்லாத, விவேகமான சமரசத்தில் கொடுத்த பணத்தையும் உங்களிடம் கேட்கலாம். அதாவது, நாளை அந்த ஐந்து பேருடன் நிறுவனம் ஒரு தொகைக்குப் பேசி முடித்துவிட்டுப் பற்றுச்சீட்டை உங்களுக்கு அனுப்பிவைக்க வழி இருக்கிறது. இன்னும் அவர்கள் கொடுக்கவே இல்லையே என்ற பதிலும் பாதுகாப்பானதன்று. பொறுப்பு உறுதியாகிவிட்டால், பணம் கொடுக்கும் முன்பே ஈட்டுறுதியை வலியுறுத்தலாம் என்று 1942-லேயே பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் தனி உரிமையாளர் என்பதால் நிறுவனம் வேறு, நீங்கள் வேறு என்ற தடுப்பும் இல்லை. தீர்ப்பாணை வந்தால் அது உங்கள் பெயரிலுள்ள வீட்டையும் தொடும்.

இதற்கு மேல், தகராறு நடந்த அன்றிரவு நீங்கள் அனுப்பிய செய்தியின் படத்தை, உங்கள் நல்ல மனதுக்குச் சான்றாக இணைத்திருக்கிறீர்கள்: ‘தவறு என்னுடையதுதான் சார், மன்னிக்கவும், திருத்தி இலவசமாக அச்சிட்டுத் தருகிறேன்.’ நீதிமன்றத்தில் இது ஏற்புரை, அதாவது தவறை நீங்களே ஒப்புக்கொண்ட கூற்று. ‘உரிமைக்குப் பாதகமின்றி’ என்ற நிபந்தனையும் அதில் இல்லை. பதற்றத்தில், சமாதானத்துக்காக எழுதியது என்று விளக்கலாம். ஆனால் விளக்க வேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பதே பலவீனம்.

பதிப்புரிமையில் உங்களுக்கு உண்மையான பலம் உண்டு. நீங்கள் அவர்களின் ஊழியர் அல்லர். எழுத்து மூலமான உரிமை மாற்றமும் இல்லை. எனவே 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் நீங்களே. சட்டப் பிரிவுகளின் வாசகம் உங்களுடையதன்று. அவற்றைக் கேள்வி பதிலாகப் பிரித்து, எளிய தமிழில் எழுதிய முறையும் அடுக்கிய விதமும் உங்களுடையவை. இன்னொரு நிறுவனத்துக்கு அதை மறுஅச்சு செய்தது மீறல்தான். எனினும் அதற்காகத் தனி வழக்குப் போடுவதற்கு முன் யோசியுங்கள். அந்த வழக்கில் ‘இக்கையேட்டின் ஒவ்வொரு வரியும் என் உழைப்பு’ என்று நீங்கள் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். எதிர்க்கோரிக்கைக்குப் பதிலில் ‘19-ஆம் பக்கத்து வரி என்னுடையதன்று, நிறுவனம் கொடுத்தது’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நீதிபதி முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். கவனமாக எழுதினால் இவ்விரண்டையும் ஒத்துப்போகச் செய்யலாம் என்றாலும், சாட்சிக் கூண்டில் நிற்பவர் நீங்கள்.

ஆகவே என் ஆலோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். 1,60,000 ரூபாய் முழுவதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், 11-ஆவது பிரிவிலிருந்து எழுத்தில் விடுபட முடிந்தால் அது உங்களுக்கு லாபமான முடிவு. பேச்சைப் பாதித் தொகையிலிருந்து தொடங்குங்கள். மறுஅச்சுக்கு உரிமம் தருவது உங்கள் கையிலுள்ள விலை. அதைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ‘முழு, இறுதித் தீர்வு’ என்ற பொதுச் சொற்களோடு நிறுத்தாமல், தற்போதைய, வருங்காலத் தொழிலாளர் கோரிக்கைகள் எதற்கும் 11-ஆவது பிரிவின் கீழ் உங்களைப் பொறுப்பாக்குவதில்லை என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். ஐந்து பேர்தான் இன்று கேட்டிருக்கிறார்கள். கையேடு எத்தனை பேர் கையில் இருக்கிறதோ அத்தனை கோரிக்கைகள் வரலாம். வெறும் முத்திரைத்தாளில் எழுதுவதைவிட, வழக்குக்கு முந்தைய மனுவாக வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை.

திருத்தத் தாள் அச்சிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டால், அது நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் கையெழுத்தோடு வெளிவர வேண்டும். ஒருமுறை அறிவித்த சலுகையைக் குறைப்பது முன்பு தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வந்த விவகாரம்; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திலுள்ள தொழில் உறவுகள் தொகுப்புக்குள் வரும். அது நிறுவனம் தன் வக்கீலைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. தொழிலாளர்கள் தரப்பிலிருந்து யாரேனும் உங்களிடம் வாக்குமூலம் கேட்டால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். அழைப்பாணை வந்தால் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

பேச்சு நீளும்போது காலவரம்பை மறக்க வேண்டாம். வேலையை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டு, அதாவது 2027-இல் அதே நாளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் பாக்கிக்காக வழக்குத் தொடரும் உரிமை போய்விடும். அந்த ஆண்டின் தொடக்கத்திலும் சமரசம் கையெழுத்தாகவில்லை என்றால் என்னையோ வேறு வக்கீலையோ நேரில் பாருங்கள்.

இதனிடையே வேறு நிறுவனங்களுக்குக் கையேடு செய்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் பணிக்கொடை பெற ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லை; சம்பளத்தின் வரையறையும் மாறியிருக்கிறது. பழைய கையேட்டை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்தால் இம்முறை நேரும் பிழை உண்மையான சட்டப் பிழையாகவே இருக்கும். ஒவ்வொரு கையேட்டிலும் ‘இந்தத் தேதி வரையிலான நிலை’ என்று அச்சிடுங்கள். தொழிலாளர், அலுவலர், அதிகாரி ஆகியோருக்கான ஏற்பாடுகளை ஒரே தலைப்பின் கீழ் கலக்காதீர்கள். விவரத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும், இறுதி மெய்ப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் நிறுவனத்தின் கையெழுத்தை வாங்குங்கள். ‘சட்டப்படி சரியானவை என்று உறுதியளிக்கிறோம்’ என்று நீங்கள் எழுதவே கூடாது. சட்டக் கருத்துச் சொல்வதும் வக்கீல் தொழிலின் பகுதி என்று 2018-இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நிறுவனத்தின் வக்கீல் பார்த்து ஏற்றார் என்ற வரியை அந்த இடத்தில் வையுங்கள். ஈட்டுறுதிப் பிரிவை நீக்க மறுக்கும் நிறுவனத்திடம், உங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்ற வரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.