ஜூலை மாச கல்லாவ பாத்துட்டு வேலைய விடுங்க: வேலையா தொழிலா, கேள்வி பதில்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரி ஆபீஸ்ல 11 வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன், அப்புறம் வேலைய விட்டுட்டு சின்னதா வர்க்கி (டீக்கு தொட்டு சாப்பிடுற எங்க ஊர் மொறுமொறு பண்டம்) போடுற பேக்கரி ஆரம்பிச்சு இப்ப 9 வருஷம் ஆச்சு. ரெண்டு பக்கமும் இருந்து பாத்தவ, அதனால தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கோத்தகிரி தம்பி: அக்கா, கோயமுத்தூர்ல 22,000 சம்பளம், ரூம் வாடகை சாப்பாடு போக ஒண்ணும் நிக்கல. ஊர்ல டீ, வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்னு ஒரு கடை போட்டா சீசன்ல ஒரு நாளைக்கு 15,000 ஓடும்னு பிரெண்டு சொல்றான். வந்துரட்டுமா?

அந்த 15,000 எத்தனை நாளைக்குன்னு கேட்டீங்களா தம்பி? ஏப்ரல் மே ஓடும், ஆயுத பூஜை லீவு, கிறிஸ்துமஸ் லீவுல ஓடும். மத்த நாளெல்லாம் யாரு வருவா? அக்டோபர் நவம்பர்ல நம்ம கோத்தகிரி குன்னூர் பக்கம் மழை புடிச்சு, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா வண்டியே மேல ஏறாது, ஆனா கடை வாடகை ஏறி வந்துரும், மாஸ்டர் சம்பளமும் வந்துரும்.

நான் மொத வருஷம் பண்ணுன தப்பு இதான். மே மாசம் கல்லாவுல விழுந்த காச பூரா லாபம்னு நெனச்சு பெரிய பிரிட்ஜ் ஒண்ணு வாங்கிட்டேன், நவம்பர்ல மைதா கடைக்காரருக்கு குடுக்க காசு இல்லாம நாலு பவுன் செயின அடகு வச்சேன், அத மீட்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. அந்த மழையில கடைய தாங்குனது டூரிஸ்ட் இல்ல, சாயங்காலம் டீக்கு வர்க்கி வாங்குற நம்ம ஊர் சனம்தான். அதுக்கப்புறம்தான் அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்கு வாரா வாரம் சப்ளை போட ஆரம்பிச்சேன், இன்னைக்கு என் வியாபாரத்துல பாதிக்கு மேல அதுதான்.

அதனால நீங்க வேலைய விடாம, ஜூலைல ஒரு வாரம், நவம்பர்ல ஒரு வாரம் லீவு போட்டு வந்து, நீங்க பாத்து வச்சிருக்க இடத்துக்கு எதுத்தாப்ல உக்காந்து எத்தனை பேரு வர்றாங்க, என்ன வாங்குறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அந்த வியாபாரத்துல வாடகை, கரண்ட், கேஸ், ஆள் சம்பளம் இதெல்லாம் வந்துருச்சுன்னா தைரியமா எறங்குங்க, சீசன் காசு அப்ப நெஜமாவே லாபம்.

குன்னூர் தங்கச்சி: ஒரு பிரைவேட் கம்பெனில 9 வருஷமா இருக்கேன். பேசிக் 15,000, கைக்கு வர்றது 17,000தான். இத தையல் கடை வச்சாலே எடுத்துருவேன் இல்லக்கா?

கைக்கு வர்றத மட்டும் பாக்காதம்மா, சம்பள சீட்ட எடுத்து வச்சு பாரு. உன் பிஎஃப் 1,800 புடிக்கிறாங்க, கம்பெனியும் தன் பங்குக்கு 1,800 போடுது. இஎஸ்ஐ மருத்துவ காப்பீடு இருக்கு, வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியலன்னா அதோட அருமை தெரியும். கிராஜுவிட்டி வேற, அதாவது வேலைய விடும்போது கம்பெனி தர்ற தொகை, பேசிக்க 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்கணும், உனக்கு இப்பவே 77,000த்துக்கு மேல நிக்குது, விடும்போது கேட்டு வாங்கிக்க, சும்மா வந்துராத.

இன்னொண்ணு, பிஎஃப்ல பென்ஷன் கெடைக்கணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும். நீ 9ல நிக்கிற. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கம்மா, கெஞ்சி கேட்டுக்கறேன், எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா 9 வருஷத்துலயே கோவத்துல எழுதி குடுத்துட்டு போய் அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அந்த ஒரு வருஷம் சாயங்காலம் வீட்லயே ஆர்டர் எடுத்து தையி, எத்தனை பேரு திரும்ப வர்றாங்கன்னு தெரிஞ்சுரும். வீட்டு லோன் எதாவது வாங்குற யோசனை இருந்தா அதையும் வேலைல இருக்கும்போதே முடிச்சுரு, தொழில்னு போய்ட்டா பேங்க்ல ரெண்டு மூணு வருஷ ஐடி ரிட்டர்ன் கேப்பாங்க.

கூடலூர் அண்ணா: ஒரு எஸ்டேட்ல டிரைவரா இருக்கேன். சொந்தமா டாக்ஸி எடுக்கலாமா?

மலை ரோட்டுல வண்டி தேயிறத நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லீங்கண்ணா, கிளட்ச், பிரேக் ரெண்டுக்கும் மாசாமாசம் தனியா காசு எடுத்து வைங்க. பாதி காசாவது கைல இருந்து போட்டு எடுங்க, முழுக்க லோன்னா மழை மாசத்துலயும் அதே இஎம்ஐ நிக்கும். ஸ்கூல் டிரிப்போ, ஒரு ஆஸ்பத்திரி டிரிப்போ நிரந்தரமா புடிச்சிட்டு அப்புறம் வேலைய விடுங்க.

ஊட்டி டீச்சர்: நான் அரசு பள்ளி ஆசிரியை. சைடுல நீலகிரி தைலம், டீத்தூள் ஆன்லைன்ல விக்கலாமா மேடம்?

உங்க பேர்ல வேண்டாம் மேடம். அரசு ஊழியர் நடத்தை விதில அனுமதி வாங்காம தொழில் பண்ணக்கூடாதுன்னு இருக்கு.

கொடைக்கானல் சகோதரி: வீட்டுக்காரர் ஐடில இருக்கார், ஒர்க் பிரம் ஹோம். ஒரு பங்களாவ லீஸ்க்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்தறதுக்காக வேலைய விடறேங்கறார். எனக்கு பயமா இருக்கு.

பயப்படுறது சரிதாம்மா. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கட்டட அனுமதி, டூரிசம் டிபார்ட்மெண்ட் பதிவு ரெண்டையும் கண்ணால பாருங்க, ஓனர் வாய்ச்சொல்ல நம்பாதீங்க. 2019ல ஐகோர்ட் உத்தரவுல உங்க ஊர்லயே விதி மீறுன கட்டடங்களுக்கு சீல் வச்சாங்க, அந்த மாதிரி ஆச்சுன்னா லீஸ் எடுத்தவங்க காசு நடுவுல மாட்டிக்கும். அப்புறம் இ-பாஸ், மலைக்கு வர்ற வண்டிங்க ஆன்லைன்ல வாங்க வேண்டிய அனுமதி. 2024 மே 7ல கொண்டு வந்தாங்க, 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு சாதா நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000ன்னு வரம்பே வச்சாங்க, எங்க ஊட்டிக்கு 6,000, 8,000. ஒரே ஒரு உத்தரவுல நம்ம வருமானம் மாறிரும், அது நம்ம கைல இல்ல. வீட்ல இருந்தே சம்பளம் வர்ற மனுஷன் அத எதுக்கு விடணும்? ரெண்டு ரூம வச்சு ஒரு முழு வருஷம் நீங்க நடத்தி பாருங்க, அவர் வேலைல இருக்கட்டும்.

கீழ் கோத்தகிரி தம்பி: ரெண்டு ஏக்கர் டீ இருக்குங்கக்கா, இலை வெலை கட்டுப்படியாகல. கவர்மெண்ட் மானியம் வாங்கி சின்னதா கைல டீ உருட்டுற யூனிட் போடலாமா?

நல்ல யோசனை, எனக்கு சந்தோஷம். இலை வரத்து கூடுனா வெலை எறங்குது, பனி விழுந்தா இலையே கருகிருது, ரெண்டுலயும் நமக்குதான் அடி. ஊட்டில மாவட்ட தொழில் மையத்துக்கு போய் கேளுங்க, பிஎம்இஜிபின்னு தொழில் தொடங்க மானியத்தோட லோன் தர்ற மத்திய அரசு திட்டத்துல உற்பத்தி யூனிட்டுக்கு 50 லட்சம் புராஜெக்ட் வரைக்கும் உண்டு. ஆனா மானியம் கைல தர மாட்டாங்க, பேங்க்லயே மூணு வருஷம் டெபாசிட்டா கெடக்கும், அத நம்பி மெஷின் ஆர்டர் பண்ணிராதீங்க. மொதல்ல அஞ்சு கிலோ கையால பண்ணி பத்து பேருக்கு வித்து பாருங்க, மறுபடி கேட்டு போன் வருதான்னு தெரியட்டும்.

அருவங்காடு அக்கா: திரும்ப வேலைக்கே போயிரலாம்னு உங்களுக்கு தோணினது இல்லையா?

தோணிருக்குக்கா, ரெண்டு தடவ. பையனுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரில பத்து நாள் கெடந்தப்ப, ஆபீஸா இருந்தா லீவு எழுதி குடுத்துட்டு அவன் பக்கத்துலயே இருந்திருப்பேன், கடைய பூட்டுனா நாலு குடும்பத்துக்கு சம்பளம் நிக்கும்னு ராத்திரி ஆஸ்பத்திரி, காலைல கடைன்னு ஓடுனேன். கொரோனாவுல கடை மூடி கெடந்தப்ப இன்னொரு தடவ. அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், ஆறு மாச வாடகையும் சம்பளமும் தனி அக்கவுண்ட்ல கெடக்கும், தொட மாட்டேன். எனக்கும் மாசம் 25,000 சம்பளம்னு எழுதி, மாஸ்டருக்கு குடுக்கற அதே 5ஆம் தேதிதான் எடுத்துக்கறேன், மேயா இருந்தாலும் நவம்பரா இருந்தாலும் அவ்ளோதான்.