விந்தணுவும் கருமுட்டையும் இணைவது எப்படி? கேள்வி பதில்

இரண்டு செல்களின் சவ்வுகள் எப்படி ஒன்றாகின்றன என்பதுதான் என் துறை. பாலூட்டிகளின் கருக்கட்டலில் வேலை செய்யும் புரதங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். சிகிச்சை ஆலோசனைக்கு மட்டும் உங்கள் மருத்துவர்தான் சரியான ஆள்.

கேள்வி (கல்லூரி மாணவி): விந்தணு முட்டையைத் தொட்டதும் என்ன நடக்கிறது?

தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். விந்தணுத் தலையின் முன்பக்கத்தில் அக்ரோசோம் என்ற பை இருக்கிறது. அது திறந்துகொண்ட விந்தணுவால்தான் முட்டையோடு இணைய முடியும். இஸுமோ1 என்ற புரதம் அதுவரை அந்தப் பையின் சவ்வில் மறைந்திருக்கும். பை திறந்ததும் தலையின் நடுப்பட்டைக்கு நகர்ந்து வெளியே தெரியும். படங்களில் காட்டுவதுபோல விந்தணு தலை நுனியால் முட்டையைக் குத்தி நுழைவதில்லை. பக்கவாட்டில் படுத்து, இந்த நடுப்பட்டை வழியாக இணைகிறது.

இஸுமோ1-ஐ 2005-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒகாபேயின் குழு அடையாளம் கண்டது. அந்த மரபணு இல்லாத ஆண் எலிகளின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் பளிச்சென்று புரியும். அவை நன்றாக நீந்துகின்றன, முட்டையைச் சுற்றியுள்ள ஸோனா உறையையும் துளைத்துவிடுகின்றன. ஆனால் உறைக்கும் முட்டைக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் கூட்டமாகச் சேர்ந்து வாலை அடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்றுகூட உள்ளே போவதில்லை. அதே விந்தணுவை ஊசி மூலம் முட்டைக்குள் செலுத்தினால் குட்டி பிறக்கிறது. ஆக, குறை இருந்தது அந்த ஒரு படியில் மட்டும்தான்.

முட்டையின் பக்கம் இஸுமோ1-ஐப் பிடிக்கும் புரதம் ஜூனோ. 2014-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் கேவின் ரைட்டின் குழு அதைக் கண்டுபிடித்தது. ஜூனோ இல்லாத பெண் எலிகளுக்குக் கருத்தரிப்பதில்லை.

அப்புறம், சிடி9. இதுவும் முட்டையின் மேற்பரப்பில் இருப்பது. இது இல்லாத முட்டையில் மேற்பரப்பு நுண்விரல்களின் வடிவமே கெட்டுப்போகிறது; விந்தணு ஒட்டும், இணைவது மிக அரிது. எலி முட்டையில் குரோமோசோம்களைத் தாங்கும் இழைக்கட்டான கதிருக்கு நேர் மேலே நுண்விரல்கள் இல்லாத ஒரு வழுக்கைப் பகுதி உண்டு. விந்தணு அங்கே இணைவது அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்று பலமுறை சொல்வேன்: ஒட்டுவது வேறு, இணைவது வேறு. இஸுமோ1-உம் ஜூனோவும் ஒட்ட வைக்கின்றன என்பது உறுதி. இரண்டு சவ்வுகளையும் உருக்கி ஒன்றாக்குவது எது என்பது தனிக் கேள்வி.

கேள்வி: ஜூனோ என்பது ஃபோலேட் என்ற வைட்டமினைப் பிடிக்கும் ஏற்பி என்று படித்தேன். அப்படியானால் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட்டால் விந்தணு எளிதாக இணையுமா?

இணையாது. ஜூனோவுக்கு முன்பு இருந்த பெயர் ஃபோலேட் ஏற்பி 4. அமைப்பில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அப்படி வைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அது ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை என்று தெரிந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது சிசுவின் நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கத் தரப்படுவது.

கேள்வி: வேகமாக வரும் விந்தணுதான் ஜெயிக்கிறதா?

இல்லை. அக்ரோசோம் திறக்காமல் முதலில் வந்து சேர்ந்தாலும் பயனில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர்): நீங்கள் பழைய கதையைச் சொல்கிறீர்கள். 2023-இல் இஸுமோ1 மட்டும் இருந்தாலே செல்கள் இணைகின்றன என்று காட்டிவிட்டார்களே. விவாதம் முடிந்ததல்லவா?

நல்ல கேள்வி. ஆனால் முடியவில்லை. முதலில் அந்தச் சோதனையை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில், அதாவது வளர்ப்பு செல்களில், எலியின் இஸுமோ1-ஐ உருவாக்கிப் பார்த்தார்கள். செல்கள் ஒன்றோடொன்று இணைந்தன. ஜூனோவைப் பிடிக்க முடியாதபடி மாற்றிய இஸுமோ1-உம் இணைத்தது. வேறு மூன்று அமினோ அமிலங்களை மாற்றியபோது ஜூனோவைப் பிடிக்கும் திறன் அப்படியே இருக்க, இணைக்கும் திறன் மட்டும் போய்விட்டது. மிக அழகான சோதனை. ஒட்டுவதையும் இணைப்பதையும் ஒரே புரதத்துக்குள்ளேயே பிரித்துக் காட்டுகிறது.

இப்போது எதிர்ப்பக்கம். 2020-இல் எலியில் ஃபிம்ப், சோஃப்1, டிமெம்95, ஸ்பாகா6 என்று விந்தணுப் புரதங்களின் ஒரு வரிசையே வெளிவந்தது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இணைவு கெடுகிறது. டிமெம்95 இல்லாத விந்தணுவில் இஸுமோ1 தன் இடத்தில் சரியாகத்தான் இருக்கிறது. முட்டையில் ஒட்டவும் செய்கிறது. ஆனாலும் இணைவதில்லை. இஸுமோ1 தனியாளாகப் போதும் என்றால் இது ஏன் நடக்கிறது?

கேள்வி (அதே மாணவர்): மற்றவை வெறும் உதவியாளர்களாக இருக்கலாமே.

இருக்கலாம். ஆனால் இஸுமோ1-ஐயும் இந்தப் புரதங்களையும் சேர்த்தே வளர்ப்பு செல்லில் வைத்து நிஜ முட்டையோடு விட்டுப் பார்த்திருக்கிறார்கள். செல் முட்டையில் ஒட்டியது, இணையவில்லை. உங்கள் சோதனையில் இணைந்தவை வளர்ப்பு செல்கள். இங்கே எதிரில் இருந்தது முட்டை. நாம் விளக்க வேண்டியது முட்டையைத்தான்.

கேள்வி: ஃபோலிக் அமிலம் ஆணும் சாப்பிட்டால் ஜூனோ கூடுமா?

கூடாது. ஜூனோ முட்டையில் இருப்பது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஒரு விந்தணு நுழைந்த பிறகு இன்னொன்று ஏன் நுழைவதில்லை?

இரண்டு தடைகள். எலி முட்டை, இணைவு நடந்த சுமார் 40 நிமிடங்களுக்குள் தன் மேற்பரப்பு ஜூனோவைச் சிறு குமிழ்களாக உதிர்த்துவிடுகிறது. அதோடு ஓவாஸ்டாசின் என்ற நொதியை வெளியே விட்டு, உறையிலுள்ள இசட்பி2 புரதத்தை வெட்டுகிறது. அதன்பின் புது விந்தணு உறையைப் பிடிக்க முடியாது. உதிர்ந்த ஜூனோ அந்த இடைவெளியிலேயே கிடந்து, தாமதமாக வரும் விந்தணுவின் இஸுமோ1-ஐப் பிடித்து அடைக்கவும் கூடும் என்பது ஒரு கருத்து. எனக்கு அது மிகவும் பிடித்த கருத்து.

கேள்வி: எங்களுக்குக் குழந்தை இல்லை. இஸுமோ1 பரிசோதனை செய்யலாமா?

உங்கள் கருத்தரிப்பு மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 1992-இல் அறிவிக்கப்பட்ட இக்ஸி முறையில் விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவதால் இந்தப் படியே தேவைப்படுவதில்லை. மற்றபடி, எலியில் கண்டது எலியில் கண்டதுதான். அதை வைத்து உங்கள் உடம்பைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: எலியை நம்பக்கூடாது என்றால் மனிதரில் எப்படித்தான் ஆராய்வது?

நம்பக்கூடாது என்று சொல்லவில்லை. எலியில் கண்டதை மனிதரில் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்கிறேன். மனித விந்தணு, உறை நீக்கிய வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) முட்டையோடு இணையும். எலி முட்டையோடு இணையாது. மனித இஸுமோ1 வெள்ளெலியின் ஜூனோவைப் பிடிக்கிறது என்று பின்னாளில் தெரிந்தபோது, 1970-களிலிருந்து ஆய்வுக்கூடங்களில் செய்துவந்த அந்தச் சோதனைக்குக் காரணம் கிடைத்தது.

கேள்வி: ஃபோலேட் நிறைந்த உணவு...

மேலே இரண்டு முறை பதில் இருக்கிறது.

கேள்வி (ஆய்வு மாணவர்): 2024-இன் மும்மைப் புரதக் கூட்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அதற்குத்தான் வருகிறேன். வியன்னாவில் ஆண்ட்ரியா பவுலியின் குழு, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளைக் கொண்டு இஸுமோ1, ஸ்பாகா6, டிமெம்81 ஆகிய மூன்றும் விந்தணுவில் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் என்று கண்டது. டிமெம்81 இல்லாத ஆண் எலிக்கும் ஆண் வரிக்குதிரை மீனுக்கும் இனப்பெருக்கம் நடக்கவில்லை. மீனில் இந்தக் கூட்டு முட்டையின் பவுன்சர் புரதத்தைப் பிடிக்கிறது, எலியில் ஜூனோவை. முட்டைப் பக்கம் ஆள் மாறியும் விந்தணுப் பக்கத்துக் கூட்டு மாறவில்லை. இஸுமோ1-ஐத் தனியே எடுத்துப் பேசுவதில் எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

கேள்வி (அதே மாணவர்): சரி, எந்தச் சோதனை காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்?

நீங்கள் குறிப்பிட்ட 2023 சோதனையின் அந்த மூன்று அமினோ அமில மாற்றத்தை எலியின் சொந்த இஸுமோ1 மரபணுவிலேயே செய்ய வேண்டும். அந்த விந்தணுவில் மற்ற எல்லாப் புரதங்களும் தம் இடத்தில் இருக்க வேண்டும். அது முட்டையில் ஒட்டி நின்று, இணையாமல் போனால் உங்கள் பக்கம் பெரிதும் வலுக்கும். கூடவே, செல் எதுவும் இல்லாமல் செயற்கைக் கொழுப்புக் குமிழ்களில் இஸுமோ1-ஐ மட்டும் பதித்து, அவை இணைவதைக் காட்டுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் ஒப்புக்கொள்கிறேன்.