காட்பாடிக்குப் போன ரத்த மாதிரிகள்

ஐயா,

நான் குடியாத்தத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். தமிழ் வழி. தாவரவியல், விலங்கியல் இரண்டையும் வரி விடாமல் மனப்பாடம் செய்துவிடுகிறேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. நீட்டும் எழுதப் போகிறேன். காட்பாடியில் கோச்சிங் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மனப்பாடம் செய்யாமல் உயிரியலில் தேறியவர்கள் யாரும் இல்லை. அத்தனை பெயர்களையும் வேறு எப்படி வைத்துக்கொள்வது? ஆனால் வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், வரி கலைந்ததும் எல்லாம் போய்விடும். எதற்குப் பிறகு எது, ஏன் என்று கேட்டுப் படி.

உன் விலங்கியல் புத்தகத்தில் எய்ட்ஸ் வருகிறது. எலைசா முதல்கட்டச் சோதனை, வெஸ்டர்ன் பிளாட் உறுதி செய்யும் சோதனை. இரண்டையும் மாற்றி எழுதாத மாணவர்கள் குறைவு. 1986இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்தார். இங்கே எலைசா செய்ததில் சில மாதிரிகள் பாசிட்டிவ். உடனே அறிவித்துவிடவில்லை, அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதி செய்துகொண்டார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஏன் இந்த வரிசை? எலைசாவில் நிறைய மாதிரிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் காட்டிவிடும். சில சமயம் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். வெஸ்டர்ன் பிளாட்டில் வைரஸின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்து, எதிர்ப்பொருள் எவற்றோடு சேர்கிறது என்று பார்ப்பதால் ஏமாற வாய்ப்புக் குறைவு. இது புரிந்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பினாலும் கவலையில்லை.

தாவரவியலுக்குச் சந்தையே போதும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் தலையில் முள்ளோடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பிதான் சொலானேசி என்ற கத்தரிக் குடும்பத்தின் நிலைத்த புல்லி வட்டம், பூ காயானாலும் உதிராமல் நிற்பது. பிளஸ் ஒன் பாடம்தானே என்று விட்டுவிடாதே, நீட்டில் இரண்டு வருடப் பாடமும் வரும்.

பத்து முறை எழுதிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்து. ஏழாவது முறை கைதான் எழுதும், மூளை தூங்கிவிடும். ஒரு முறை படி, புத்தகத்தை மூடு, படத்தை வரைந்து பாகம் குறி. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுது. மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார். நெஃப்ரான், மனித விந்தணு, பூவின் முதிர்ந்த கருப்பை என்று எந்தப் படமானாலும் இப்படித்தான்.

கோச்சிங் விஷயம். பப்ளிக் பரீட்சைக்குத் தேவையில்லை. தாவரவியல் 35, விலங்கியல் 35, புத்தகத்தை முழுசாகப் பார்த்தால் போதும். நீட் வேறு மாதிரி. 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு, தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். அதனால் நேரம் வைத்து எழுதிப் பழகவேண்டும். தினமும் காட்பாடி போய்வராதே. ஞாயிறு டெஸ்ட்டுக்கு மட்டும் சேர்க்கிறார்களா என்று கேள். பழைய வினாத்தாள்களை வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதினாலும் சரிதான்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதானா? அப்படியானால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உனக்கு உண்டு. அதற்கான சான்றிதழை இப்போதே தலைமை ஆசிரியரிடம் கேட்டு வை. கவுன்சிலிங் சமயத்தில் அலையவேண்டாம்.