கார் கேள்வி-பதில்: சத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

பி.எம்.டபிள்யூ எம்3 காரின் இன்ஜினுக்குள் சத்தமில்லாமல் தேய்ந்துபோகிற ராட் பேரிங் பற்றிக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: 2011ல் வந்த இ92 (அந்தத் தலைமுறையின் குறியீடு) எம்3 கூப்பே ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றிய பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ராட் பேரிங் மாற்றியதற்கு மட்டும் எந்தப் பேப்பரும் இல்லை. என் மெக்கானிக், "சத்தமே இல்லையே, நல்லா ஓடுற இன்ஜினை எதுக்குப் பிரிக்கணும்?" என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகர், டொரொன்டோ

பதில்: பிரிக்கச் சொல்லுங்கள். வேறு கார் என்றால் உங்கள் மெக்கானிக் சொல்வதுதான் சரி. இந்த இன்ஜினுக்கு அது பொருந்தாது.

உங்களுடையது எஸ்65, 4 லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், 8,400 ஆர்.பி.எம். வரை சுற்றும். பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராட், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு அரைவட்ட ஷெல்கள் இருக்கின்றன, அதுதான் ராட் பேரிங், ஒர்க்‌ஷாப் பேச்சில் பிக் எண்ட் பேரிங். பால் பேரிங் மாதிரி அதில் குண்டு எதுவும் கிடையாது. ஷெல்லுக்கும் கிராங்குக்கும் நடுவில் ஓடுகிற ஆயில் படலம்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. ஆர்.பி.எம். இரண்டு மடங்கானால், பிஸ்டனும் ராடும் மேலே போய்த் திரும்பும்போது பேரிங் மேல் விழும் இழுவிசை நாலு மடங்காகிவிடும். 8,000ல் ஓட்டுகிறவருக்கு அந்தப் படலம் எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படலம் உருவாக இடைவெளி வேண்டும். இன்ஜின் கட்டுபவர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு, கிராங்க் பின்னின் (கிராங்கில் ராட் பிடிக்கிற உருளைப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இன்ஜினில் பின் சுமார் 52 மி.மீ., அப்படியென்றால் 0.05 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பிரித்து அளந்தவர்கள் பலருக்குக் கிடைத்தது 0.03 மி.மீ. பக்கம்தான், தலைமுடித் தடிமனில் பாதிகூட இல்லை. அந்தச் சின்ன சந்தில் 10டபிள்யூ-60 என்கிற கனமான ஆயில் போக வேண்டும், அதுவும் உங்கள் ஊர் ஜனவரி குளிரில் ஸ்டார்ட் செய்தவுடனே போக வேண்டும். தேய்மானத்துக்கு இந்த இறுக்கமான இடைவெளிதான் முதல் காரணம் என்று நானும் நம்புகிறேன். காரணம் எது என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கழற்றிப் போட்ட ஷெல்களைப் பார்த்த யாரும் தேய்மானம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எல்லா எஸ்65 இன்ஜினும் உடைந்துபோகும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பேரிங்கைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓடுகிற கார்களும் உண்டு. ஆனால் உங்கள் கார் அதில் ஒன்றா இல்லையா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. டாஷ்போர்டில் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் இருக்கிறது, பிரஷர் மீட்டர் கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அது எரியும்போது காலம் கடந்திருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு சர்வீஸுக்கும் பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பார்க்கிறேன். ஈயம், செம்பு எல்லாம் குறைவு என்றே ரிப்போர்ட் வருகிறது. என் கார் 2012 எம்3. நிம்மதியாக இருக்கலாமா?
- வாசகர், மெல்போர்ன்

பதில்: முழு நிம்மதி வேண்டாம். ஆரம்ப வருடங்களில் வந்த ஷெல்களில் ஈயமும் செம்பும் இருந்தன. அவை தேய்ந்தால் ரிப்போர்ட்டில் ஈயம் ஏறும், கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிற மேல்பூச்சு போய் அடியிலிருந்து செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு ஈயமில்லாத, அலுமினியக் கலவை ஷெல்களுக்கு மாறிவிட்டார்கள். 2012 காரில் இந்த இரண்டாவது ரகம்தான் இருக்கும். அதில் இல்லாத ஈயத்தை ரிப்போர்ட்டில் தேடிப் பிரயோஜனம் இல்லை. அலுமினியம் ஏறினாலும் அது பேரிங்கிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, பிஸ்டனும் அலுமினியம்தானே.

அதற்காக ரிப்போர்ட் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். திடீரென்று ஒரு எண் தாவினால் அது நல்ல எச்சரிக்கை. ஆனால் எண் தாவாததை வைத்து பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வராதீர்கள்.

கேள்வி: வீட்டு கேரேஜில் நானே மாற்றலாமா? பிரேக், சஸ்பென்ஷன் வேலையெல்லாம் நானே செய்கிறவன். இன்ஜினுக்குள் இதுவரை கை வைத்ததில்லை.
- வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்: செய்யலாம், கூட ஒரு ஆள் இருக்கட்டும். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. மேலிருந்து ஒரு சப்போர்ட் பாரில் தொங்கவிட்டு, ஸ்டியரிங் ரேக்கை விலக்கி, முன் சப்ஃபிரேமை (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சட்டம்) இறக்கி, ஆயில் பேனைக் (ஆயில் தேங்கும் அடித்தட்டு) கழற்றினால் கீழிருந்தே ராட் கேப்புகள் (ராடின் அடிப்பக்க மூடிகள்) கைக்கு எட்டும். உடம்பு நோகும் பாகம் இதுதான், சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நிதானம் வேண்டியது அதற்கப்புறம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்கைச் சுற்றுவது லேசாக இருக்கும். ஒரு ராடை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எட்டையும் ஒன்றாகக் கழற்றிப் பரப்பி வைக்காதீர்கள். இந்த ராடுகளை ஒரே துண்டாகச் செய்து, பிறகு கேப்பைப் பிளந்தெடுத்திருக்கிறார்கள். உடைந்த இடத்தில் சொரசொரப்பான மேடும் பள்ளமும் தெரியும், ஒரு ராடின் மேடு அதன் சொந்த கேப்பின் பள்ளத்தில் மட்டும்தான் உட்காரும். கேப்பைத் திருப்பிப் போட்டோ வேறு ராடில் போட்டோ முடுக்கிவிட்டால் அந்த முகப்பு நசுங்கிவிடும், அந்த ராட் அதோடு சரி. கழற்றுவதற்கு முன் எது எந்த சிலிண்டருடையது, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். பழைய ஷெல்களையும் அதே வரிசையில் ஒரு அட்டையில் ஒட்டி வையுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மோசமாக இருந்தால் அந்த கிராங்க் பின்னை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜின் கட்டுபவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

புது ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் துளி ஆயில்கூட இல்லாமல் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். உள்பக்கத்தில்தான் அசெம்ப்ளி லூப் (பொருத்தும்போது பூசும் மசகு) தடவ வேண்டும். அதற்கு முன்னால் பிளாஸ்டிகேஜ் என்கிற, இடைவெளி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து, கேப்பை முழு டார்க்கில் (சொல்லியிருக்கும் முறுக்கு அளவில்) முடுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளியை எழுதி வையுங்கள். இழை உள்ளே இருக்கும்போது கிராங்க் அசையவே கூடாது. சற்றுக் கூடுதல் இடைவெளியோடு வரும் ஷெல்கள் சந்தையில் கிடைக்கின்றன, நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி அளக்காமல் போடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. தொழிற்சாலை ராட் போல்ட் ஒருமுறை இழுபட்டு இறுகுகிற ரகம், பழசைத் திரும்பப் போடக் கூடாது. டார்க்கும் அதற்கப்புறம் திருப்ப வேண்டிய கோணமும் நீங்கள் வாங்கிய போல்ட்டைப் பொறுத்து மாறும். அந்த போல்ட்டோடு வந்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு, இன்னொருவர் சொன்ன எண் வேண்டாம். பிளாஸ்டிகேஜ் பார்க்கும்போது பழைய போல்ட், கடைசி முடுக்குக்குப் புதுசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் எல்லாம் இறங்கியிருக்கும்போது இன்ஜின் மவுண்ட்டையும் பேன் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். மூடிய பிறகு 8.8 லிட்டர் ஆயில் ஊற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் இன்ஜினை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அப்புறம் ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். சப்ஃபிரேமை இறக்கியதால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இ92க்கு முந்தைய தலைமுறையான பழைய இ46 எம்3. அதற்கும் இந்தப் பிரச்சினை உண்டா?
- வாசகர், பாரிஸ்

பதில்: உண்டு. அதன் எஸ்54 ஆறு சிலிண்டர் இன்ஜினுக்காக பி.எம்.டபிள்யூ நிறுவனமே அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான மாடல்களைத் திரும்ப அழைத்து ராட் பேரிங்கும் போல்ட்டும் மாற்றிக் கொடுத்தது. உங்கள் காருக்கு ஒருமுறை மாற்றியிருந்தால்கூட அந்த ஷெல்களுக்கு இன்று இருபது வயதாகியிருக்கும், இன்னொரு முறை திறந்து பாருங்கள். ஓட்டும்போது டாக்கோமீட்டரைச் சுற்றியிருக்கும் எச்சரிக்கை விளக்குகளைக் கவனியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவை குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே எரியும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து ரெட்லைன் (தாண்டக் கூடாத ஆர்.பி.எம். எல்லை) மேலே போகும். அவை அணைகிறவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கவே கூடாது.

கேள்வி: சூடான பிறகு 2,000 ஆர்.பி.எம். பக்கத்தில் கீழிருந்து 'டக் டக்' என்று கனமாகக் கேட்கிறது. ஒர்க்‌ஷாப் 20 கி.மீ. தூரத்தில். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?
- வாசகர், ஓஸ்லோ

பதில்: கூடவே கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தச் சத்தம் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்தான். பேரிங்காக இருந்துவிட்டால் இந்த 20 கி.மீ.க்குள் ராட் இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இப்போதே நிறுத்தினால் சேதம் கிராங்கோடு போகும், பிளாக்காவது மிஞ்சும்.