பனியை உருக்குவது வெயில் மட்டுமா? கேள்வி பதில்

கங்கோத்ரி, கோமுகம் யாத்திரை போய் வந்த நம் கடலோரத்து ஆட்கள் கேட்டவை.

பாம்பனிலிருந்து: அண்ணே, வெள்ளைவெளேர் என்று பனி இருக்கும் என நம்பிக் கோமுகம் போனோம். ஒரே கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறதே?

அடியில் இருப்பது பனிக்கட்டிதான் தம்பி. கங்கோத்ரி பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டி, சுமார் 30 கி.மீ. நீளம். அதன் கீழ்முனைதான் கோமுகம். மலைகளிலிருந்து சரிந்த கல் அதன் கீழ்ப்பகுதியை மூடிக் கிடக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து: அந்தக் கல் பனியை உருக்குமா, காப்பாற்றுமா?

இரண்டும் செய்யும், எல்லாம் மூடியிருக்கும் கல், மண்ணின் தடிமனைப் பொறுத்தது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். லேசாகத் தூசி படிந்தாலே அது குறைந்து, பனி சூட்டை வாங்க ஆரம்பிக்கும். ஓரிரு சென்டிமீட்டர் தடிமன் வரை இப்படி. அதற்கு மேல் ஏற ஏற, பகலில் வாங்கிய சூடு அடிவரை இறங்குவதற்குள் இரவு வந்துவிடும். பனியாற்றின் மேல் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். சின்னக் கூழாங்கல் குழி பறித்து உள்ளே இறங்கியிருக்கும். பெரிய பாறையோ, சுற்றிலும் உருகிப்போக, தன் நிழலில் தப்பிய பனித்தூணின் மேல் உட்கார்ந்திருக்கும்.

அதற்காக, கல் மூடிவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிட முடியாது. இடையிடையே தேங்கும் குட்டைகளும், கல் ஒட்டி நிற்காத செங்குத்துப் பனிச்சுவர்களும் வேகமாகக் கரைகின்றன. எனக்குக் கவலை தருவது இதுதான்.

கீழக்கரையிலிருந்து: தூசி அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போகிறது?

கோடையில் தார் பாலைவனப் புழுதியை மேல்காற்று இமயமலைவரை கொண்டுபோகிறது. கூடவே அடுப்புப் புகை, வயலில் எரிக்கும் பயிர்த்தாளின் கரி. பனி உருகி ஓடினாலும் இந்த அழுக்கில் பெரும்பகுதி மேலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் உருக உருகப் பனி இன்னும் கறுக்கும். ஒரு புதுப்பனி விழுந்து மூடினால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம்.

வாலிநோக்கத்திலிருந்து: எங்கள் உப்பளத்தில் காற்று அடித்தால்தான் தண்ணீர் வற்றும். பனியும் அப்படித்தானா?

நல்ல கேள்வி. வறண்ட காற்றில் பனி நேராக ஆவியாகும். அதற்கு, உருகுவதைவிட 8 மடங்கு சூடு வேண்டும். அந்தச் சூடு பனியிலிருந்தே போவதால் உருகல் தணிகிறது. வெதுவெதுப்பான ஈரக்காற்று நேர் எதிர். அதன் ஒரு கிராம் நீராவி பனிமேல் படிந்து நீரானால், விடும் சூடு 7 கிராம் பனிக்கட்டியை உருக்கும்.

மண்டபத்திலிருந்து: அப்போ மழை?

10 டிகிரி சூட்டில் 10 மி.மீ. மழை பெய்தாலும், அந்தத் தண்ணீரின் சூட்டில் உருகுவது சுமார் 1 மி.மீ. அளவுதான். கூடவே வரும் ஈரக்காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அப்புறம் மேகம். பகலில் வெயிலை மறைக்கும், சரி. இரவில் சூட்டைப் போகவிடாது. வானம் தெளிந்த இரவில் மேல்பனி மறுபடி உறையும். மேகமூட்டமான இரவில் அவ்வளவாக உறையாது, மறுநாள் விடிந்ததுமே உருகத் தொடங்கிவிடும்.